ஆங்கில வகுப்பில் வலைப்பூ: ஒரு நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

கலை அறிவியல் கல்லூரிகளில் பகுதி 2 ஆங்கிலம், அதாவது பல துறை மாணவர்களும் படிக்கும் பொது ஆங்கிலப் பாடம், கற்பிப்பவர்கள் மாணவர்களின் எழுத்துப் பயிற்சிக்கு வலைப்பூவை (பிளாக்) இன்றும் நம்பலாமா என்று கேட்டால், நம்பலாம் என்பதே என் பதில். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. எழுதியதை வெளியிட ஓர் இடம் கிடைத்துவிட்டது என்பதால் மட்டும் எவருடைய ஆங்கிலமும் வளர்ந்துவிடுவதில்லை. மதிப்பெண் போடாத ஒருவர் அதைப் படித்து, விளங்காத இடத்தில் கேள்வி கேட்கும்போதுதான் எழுதியவர் தம் வாக்கியத்தைத் திரும்பிப் பார்க்கிறார். அத்தகைய வாசகரை ஆசிரியர் தேடித் தராவிட்டால், வலைப்பூ என்பது திரைக்கு மாறிய கட்டுரை நோட்டுதான். மாணவர்கள் கணினி ஆய்வகத்தில் வரிசையில் காத்திருந்து தட்டச்சு செய்த காலம் முதல் இன்று வரை, தென்மாவட்டக் கல்லூரி ஒன்றின் முதலாண்டு வகுப்புகளில், பெரும்பாலும் தமிழ்வழியில் படித்து வந்தவர்களிடையே, இதைப் பயன்படுத்திவரும் அனுபவத்தில் இந்தக் கருத்தைச் சொல்கிறேன்.

ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பவர்களுக்கான வலைப்பூக்களை, ஆசிரியர் நடத்துவது, மாணவர்கள் தனித்தனியே நடத்துவது, வகுப்பு முழுவதும் சேர்ந்து நடத்துவது என்று 2003ஆம் ஆண்டிலேயே ஆங்கில ஆசிரியர் ஆரோன் கேம்பெல் மூவகைப்படுத்தினார். மூன்றையும் நான் நடத்திப் பார்த்திருக்கிறேன். ஆசிரியர் வலைப்பூ பயனுள்ளதே என்றாலும், மெல்ல மெல்ல அறிவிப்புப் பலகையாகிவிடுகிறது. தனித்தனி வலைப்பூக்கள் தொடக்கத்தில் மிகுந்த உற்சாகத்தைத் தந்தாலும், அகமதிப்பீட்டு மதிப்பெண் பதிவேட்டில் ஏறிய வாரமே பெரும்பாலானவை உறங்கிவிடுகின்றன. நிலைத்து நின்றது வகுப்பு வலைப்பூ ஒன்றுதான். பலர் எழுதுவதால் படிக்க எப்போதும் புதிதாக ஏதேனும் இருக்கிறது. எழுதத் தயங்குபவர்கள், தம்மைப் போன்ற இன்னொருவர் எப்படி எழுதியிருக்கிறார் என்று பார்த்துவிட்டுத் துணிந்து இறங்குகிறார்கள்.

தளத்தைப் பொறுத்தவரை நான் அதிகம் பயன்படுத்தியது பிளாகர். பைரா லேப்ஸ் நிறுவனம் 1999இல் தொடங்கி, 2003இல் கூகுள் வாங்கிய இந்தச் சேவை, கட்டணமில்லாதது என்பதாலும், ஜிமெயில் கணக்கே போதும் என்பதாலும் எங்கள் மாணவர்களுக்கு எளிதாக அமைந்தது. ஆயினும் எழுத்துப் பயிற்சி என்ற நோக்கில் அதற்கு இரண்டு பெரிய குறைகள் உள்ளன. முதலாவது, வலைப்பூவில் எழுதுபவராகச் சேர்க்கப்பட்ட எந்த மாணவரும் தம் இடுகையை எவருடைய ஒப்புதலும் இன்றி உடனே வெளியிட்டுவிட முடியும். இரண்டாவது, ஓர் இடுகையைத் திருத்திச் சேமித்துவிட்டால் அதன் முந்தைய வடிவங்களைத் திரும்பப் பார்க்க வழியில்லை. வேர்ட்பிரஸ் தளத்திலோ 'கான்ட்ரிபியூட்டர்' என்ற நிலையில் சேர்க்கப்பட்டவர் எழுதலாமே தவிர வெளியிட முடியாது. திருத்தங்களின் வரலாறும் அங்கே தங்கியிருக்கும். ஆனால் அந்த நிலையில் உள்ளவர் படம் ஏற்ற முடியாது; இடுகை வெளியான பின் அதைத் திருத்தவும் முடியாது. பிளாகரை விட்டுவிட மனமின்றி, முதல் வரைவைக் கூகுள் டாக்ஸில் எழுதவைத்து, முடிந்த வடிவத்தை மட்டும் வலைப்பூவில் ஏற்றும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டேன். மாணவர் முதலில் என்ன எழுதினார், பிறகு ஏன் மாற்றினார் என்பது ஆசிரியருக்குத் தெரியாமல் போனால், பயிற்சியின் பாதி பயன் போய்விடும்.

என் வகுப்பில் மிகுந்த பலன் தந்த பயிற்சி, சொந்த ஊரில் செய்யப்படும் ஒரு பொருளை, அதைக் கண்ணால் கண்டிராத ஒருவருக்கு விளக்கி எழுதுவதாகும். பொழுதுபோக்கு, அறிவியல் முன்னேற்றம் என்று தலைப்புக் கொடுத்தால் கைடில் உள்ள வாக்கியங்களே திரும்பி வரும். ஊர்த் தொழிலுக்குக் கைடு கிடையாது. கோவில்பட்டிப் பக்கத்து மாணவி ஒருவர் கடலை மிட்டாய் செய்யும் முறையை எழுதினார். நிலக்கடலையை வறுப்பார்கள், வெல்லப்பாகு காய்ச்சுவார்கள், இரண்டையும் கலந்து பரப்பி வெட்டுவார்கள் என்ற அளவில் முதல் வடிவம் ஒரு சிறு பத்தியாகவே இருந்தது. எங்களோடு இடுகைகளைப் பரிமாறிக்கொண்டிருந்த வெளிமாநில வகுப்பு ஒன்றிலிருந்து, பாகு பதத்துக்கு வந்துவிட்டதை எப்படி அறிகிறார்கள் என்று ஒருவர் பின்னூட்டத்தில் கேட்டார். விடை அந்த மாணவிக்குச் சிறுவயது முதலே தெரிந்ததுதான்: ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு, அது கெட்டியாகத் திரள்கிறதா என்று பார்ப்பார்கள், இளகினால் இன்னும் காய்ச்ச வேண்டும். ஆனால் அதை ஆங்கிலத்தில் சொல்ல முனைந்தபோது 'இஃப்' என்று தொடங்கும் நிபந்தனை வாக்கியமும், செயப்பாட்டு வினையும், 'அன்டில்' என்ற இணைப்புச் சொல்லும் ஒருசேரத் தேவைப்பட்டன. மூன்றையும் பள்ளியிலேயே படித்து, கோடிட்ட இடத்தை நிரப்பி மதிப்பெண்ணும் வாங்கியவர்தான் அவர். கேட்டவருக்குப் புரிய வேண்டும் என்ற கட்டாயம் வந்த பிறகு, அவற்றைத் தேடி எடுத்து அவரே பயன்படுத்தினார்; நான் செய்ததெல்லாம் அந்தக் கேள்விக்கு விடை எழுதாமல் விடக் கூடாது என்று வற்புறுத்தியது மட்டுமே.

பிழைதிருத்தம் பற்றி என் கருத்து உறுதியானது: பின்னூட்டப் பகுதியில் இலக்கணம் திருத்தக் கூடாது. பலர் பார்க்கும் இடத்தில் ஒருமுறை திருத்தப்பட்டவர் அடுத்த இடுகையைச் சுருக்கிக்கொள்வார், அல்லது தெரிந்த வாக்கியங்களுக்குள் பதுங்கிக்கொள்வார். அதற்கு மாறாக, பலருடைய இடுகைகளில் பொதுவாகக் காணும் பிழைகளைப் பெயர் நீக்கித் தொகுத்து, வகுப்பில் கரும்பலகையில் எழுதி விவாதிப்பது நல்ல பலன் தருகிறது. 'டிஸ்கஸ் அபவுட்', 'ஒன் ஆஃப் மை ஃபிரெண்ட்', 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' ஆகியவை ஆண்டு தவறாமல் வருபவை. கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்ததை எழுதும்போது ஆண்டைக் குறிப்பிட்டுவிட்டு 'ஹேஸ் காட்' என்று எழுதுவது போன்ற காலப் பிழைகளும், 'எ', 'தி' போன்ற ஆர்ட்டிகிள் விடுபடுவதும் இவற்றைவிடப் பிடிவாதமானவை. வலைப்பூவில் எழுதியதால் அவை குறைந்தன என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. வளர்ந்தது வாக்கியங்களின் நீளமும், தகவலை வரிசைப்படுத்தும் திறனும், முக்கியமாக எழுத உட்காரும் துணிவும்தான். பேச்சுப் பயிற்சிக்கு வலைப்பூவால் சொல்லத்தக்க பயன் எதுவும் இல்லை.

காலப்போக்கில் வாசகர்களைத் தக்கவைப்பது கடினமாகிவிட்டது. பல வலைப்பூக்களின் புதிய இடுகைகளை ஓரிடத்தில் திரட்டித் தந்த கூகுள் ரீடர் 2013 ஜூலையில் மூடப்பட்டது. புதிய இடுகைகளை மின்னஞ்சலில் அனுப்பிவந்த ஃபீட்பர்னர் வசதியும் 2021இல் நிறுத்தப்பட்டது. இதற்கிடையே 2016இல் ஜியோ வந்த பின், எழுதுவதும் படிப்பதும் கைபேசிக்கு மாறின. சிறு திரையில் தட்டச்சு செய்பவருக்குத் தம் பத்தி முழுவதும் ஒருசேரக் கண்ணில் படுவதில்லை. ஆகவே முன்பு சொன்னதையே பின்பும் சொல்லும் வழக்கம் கூடியது. இடுகையின் இணைப்பை வாட்ஸ்அப் குழுவில் போட்டால், 'சூப்பர்' என்ற பாராட்டும் கைதட்டும் படங்களும் அங்கேயே குவிந்து, வலைப்பூவின் பின்னூட்டப் பகுதி வெறுமையாகக் கிடக்கும். குழுவில் இணைப்பை மட்டும் இடலாம், கருத்தை இடக் கூடாது என்று விதித்த பிறகே கேள்விகள் மீண்டும் வலைப்பூவுக்கு வந்தன.

வலைப்பூவைப் பொதுவில் திறந்து வைப்பது பற்றிப் பல ஆசிரியர்கள் தயங்குகிறார்கள், நியாயமான தயக்கமே. நான் மாணவர்களுக்குப் புனைபெயர் கொடுத்து, முகம் தெரியும் படங்களைத் தவிர்த்து, தேடுபொறிகளுக்குக் காட்ட வேண்டாம் என்ற அமைப்பையும், பின்னூட்டங்களை ஒப்புதலுக்குப் பின் வெளியிடும் அமைப்பையும் தேர்ந்தெடுக்கிறேன். அழைக்கப்பட்டவர்கள் மட்டும் படிக்கும் வகையில் முழுவதும் மூடிவிட்டால், பிற கல்லூரி வாசகர்கள் ஒவ்வொருவரையும் தனியே அழைக்க வேண்டியிருக்கும். அந்தச் சிரமத்திலேயே பரிமாற்றம் நின்றுவிடும்.

சாட்ஜிபிடி 2022 நவம்பர் இறுதியில் வெளியான பிறகு வந்த மாற்றம் இவை எல்லாவற்றையும்விடப் பெரியது. பிழையே இல்லாத, ஆனால் எந்த ஊரையும் சேராத இடுகைகள் வரத் தொடங்கின. அவற்றைக் கண்டுபிடித்துத் தண்டிப்பதில் எனக்கு ஆர்வமில்லை. கண்டுபிடிக்கும் மென்பொருள்களை நம்பவும் இல்லை. முதல் வரைவை வகுப்பிலேயே கையால் எழுதச் சொல்கிறேன். மதிப்பெண்ணின் பெரும்பகுதியை இடுகையிலிருந்து எடுத்து, அதன்கீழ் வரும் கேள்விகளுக்கு எழுதும் விடைகளுக்கு மாற்றியிருக்கிறேன். பாகின் பதம் பற்றிய கேள்வி போன்ற ஒன்றுக்கு, அந்த வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் எழுதும் விடையில் அவருக்கே உரிய விவரங்கள் வந்து விழும். மற்றவருடையது பொதுவாகவே நிற்கும். இப்படி நடத்துவதற்கு ஒவ்வோர் இடுகைக்கும் உண்மையான கேள்வி ஒன்றாவது எழுதப்பட வேண்டும். சக மாணவர்கள் எழுதாத இடத்தில் அதை ஆசிரியரே எழுத வேண்டும். இந்த உழைப்பைக் கணக்கிட்டுத்தான், ஒரு பருவத்தில் ஒரு வகுப்புக்கு மேல் வலைப்பூ நடத்துவதில்லை என்று வைத்திருக்கிறேன். இதைத் தொடங்க விரும்பும் ஆசிரியர்கள், தளத்தைத் தேர்ந்தெடுக்கும் முன்பே, இடுகைகளைப் பரிமாறிக்கொள்ளச் சம்மதிக்கும் இன்னொரு வகுப்பைத் தேடிவைத்துக்கொள்வது நல்லது.