பத்து வருடம், ஒரு மைவி, இரவுக் கோலாலம்பூர்: எது நிலைத்தது, எதைக் கழற்றினேன்

2015-ல் செகண்ட் ஹேண்டில் எடுத்த 2009 மைவி கார் இது. 1.3, ஐந்து கியர் மேனுவல், கருப்பு. எடுத்தபோது மீட்டரில் 98,000 கிலோமீட்டர், இப்போது 241,000. வீடு கிள்ளானில், ஷிஃப்ட் வேலை ஷா ஆலமில். இரவு பதினோரு மணிக்கு வேலை முடிந்தால் மேற்கே வீட்டுக்குப் போக வேண்டியவன், வாரத்தில் ஒரு நாளாவது கிழக்கே திரும்பி ஃபெடரல் ஹைவேயில் கோலாலம்பூருக்குப் போய்விடுவேன். கட்டடங்களைப் பார்க்கத்தான். சின்ன வயதில் அப்பாவின் லாரியில் முன்னால் உட்கார்ந்து, கோத்தா டாருல் ஏசான் வளைவைத் தாண்டியதும் இரட்டைக் கோபுரம் எப்போது தெரியும் என்று கழுத்தை நீட்டிக்கொண்டே வருவேன். அந்த ஆசை இன்னும் குறையவில்லை. அதனால் இந்தக் காரில் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடைபோடுகிறேன்: ராத்திரியில் இந்த ஊரைப் பார்த்துக்கொண்டு ஓட்ட இது உதவுகிறதா, இடைஞ்சலா?

மைவியை மலேசியாவில் யாருக்கும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. வெளியூர்க்காரர்களுக்கு மட்டும்: பெரோடுவா 2005-ல் இறக்கிய கார், ஜப்பானின் டைஹாட்சு பூன், டொயோட்டா பாஸோ இரண்டுக்கும் உடன்பிறப்பு. கே3-விஇ இன்ஜின், 1,298 சிசி, 86 குதிரைத்திறன், எடை ஒரு டன்னுக்கும் கொஞ்சம் குறைவு. டைமிங் செயின் என்பதால் பெல்ட் மாற்றும் செலவு இல்லை. உதிரி எந்த டவுனிலும் கிடைக்கும்.

முதலில் கை வைத்தது ஸஸ்பென்ஷனில். விலை மலிவாக இருக்கிறதே என்று ஒரு அட்ஜஸ்டபிள் செட் வாங்கி, காரை நன்றாக இறக்கிவிட்டேன். நிறுத்தி வைத்துப் படம் எடுத்தால் அவ்வளவு அழகு, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் ஒரு விரல்தான் நுழையும். ஆனால் எங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) ஸ்பீட் பம்ப் ஒவ்வொன்றிலும் அடி உரசியது, பாலங்களின் இணைப்பு வரும்போதெல்லாம் முதுகில் இடி விழுந்தது, பதினான்காவது மாதம் பின்பக்க அப்சார்பர் இரண்டிலும் எண்ணெய் கசிந்துவிட்டது. வாங்கிய கடையில் கேட்டால் வாரண்டி பன்னிரண்டு மாதம்தான் என்றார்கள். அந்தப் பணம் போனது போனதுதான். அப்புறம் நான் வழக்கமாகப் போகும் பட்டறைத் தவுக்கே (முதலாளி) சொன்னபடி, 30 மில்லிமீட்டர் மட்டும் இறக்கும் ஸ்ப்ரிங், அதற்குப் பொருத்தமான நல்ல ஜப்பான் அப்சார்பர், முன்னால் இரண்டு பக்க ஸஸ்பென்ஷனையும் மேலே இணைக்கும் ஒரு ஸ்டிரட் பார், அவ்வளவுதான் போட்டேன். 2017-லிருந்து அதே ஸ்ப்ரிங், அப்சார்பர் மட்டும் ஒருமுறை மாற்றினேன். அம்பாங்கிலிருந்து உலு லங்காட்டுக்கு ஏறும் மலைச் சாலையில் வளைவுக்கு வளைவு கார் சாயாமல் பிடித்துக்கொண்டு போகும். அதே நேரம் காலில் வைத்த காப்பி சிந்தாமல் மேலே, ஊர் முழுக்கத் தெரியும் பார்வை முனை வரைக்கும் போகலாம். இந்த இரண்டும் சேர்ந்து கிடைப்பதுதான் நல்ல செட்டிங் என்பேன்.

ரிம், டயர் விஷயம் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். கம்பெனியில் வந்தது 175/65 ஆர்14. நான் 15 இஞ்ச் ரிம், 195/50 போட்டேன். விட்டம் ஒரு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல்தான் குறைகிறது, ஸ்பீடோமீட்டர் பெரிதாகப் பொய் சொல்லாது. 16-க்குப் போன நண்பர்கள் இருவர் குழியில் ரிம் நெளிந்து திரும்பி வந்துவிட்டார்கள். டயரில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். நம் ஊர் மழை ராத்திரியில் எப்படிக் கொட்டும் என்று தெரியும், தண்ணீரை வாரித் தள்ளும் டயர் இல்லாவிட்டால் மற்ற எல்லா மாற்றமும் வீண்.

எக்ஸாஸ்ட். ஆறு மாதம் பெரிய மஃப்ளர் போட்டிருந்தேன். 3,000 சுற்றில் ஒரு குமுறல், அந்தச் சுற்றில்தான் ஹைவேயில் நான் எப்போதும் போவேன், ஒரு மணி நேரம் ஓட்டினால் இறங்கிய பிறகும் காதுக்குள் அது ஓடிக்கொண்டே இருக்கும். நள்ளிரவு தாண்டி தாமானுக்குள் நுழையும்போது முன் வரிசையில் இருக்கும் பாட்டி வீட்டு விளக்கு எரிவதை இரண்டு முறை பார்த்தேன். மறுவாரம் கழற்றிவிட்டேன். ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) சம்மன் பயம் ஒரு பக்கம் இருக்கட்டும், தூங்குகிறவர்களை எழுப்பிவிட்டு நாம் ரசிப்பது சரியில்லை.

கண்ணாடியில் ஒட்டும் கருப்பு ஃபிலிம், அதாவது டின்டட்தான் நான் செய்த பெரிய தப்பு. சுற்றிலும் கருப்பாக ஒட்டினால் கருப்புக் காருக்கு எடுப்பாக இருக்கும் என்று முன்பக்கக் கண்ணாடிகளிலும் இருட்டாக ஒட்டினேன். வெளியிலிருந்து பார்க்க ஜோர். உள்ளே உட்கார்ந்தால் ஊரே மங்கிவிட்டது. கேஎல் கோபுரம் தெரியும், அதன் தலையில் மாறும் நிறம் தெரியாது. மோட்டார் சைக்கிள் ஓட்டிகள் பக்கத்தில் வருவதுகூட கடைசி நொடியில்தான் கண்ணில் பட்டது, அது உயிர் விஷயம். 2019-ல் விதி திருத்தப்பட்டபோதும் முன் கண்ணாடி 70 சதவீதம், முன் கதவுகள் 50 சதவீதம் வெளிச்சம் விட வேண்டும் என்ற அளவைத் தளர்த்தவில்லை, பின்பக்கத்துக்கு மட்டும்தான் விட்டுக்கொடுத்தார்கள். நான் அதற்கு முன்பே உரித்துப் போட்டுவிட்டேன். உரித்த அன்றைய ராத்திரி ஆக்லே (அம்பாங்–கோலாலம்பூர் உயர்மட்ட நெடுஞ்சாலை) பாலச் சாலையில் வந்தபோது, கண்ணுக்கு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் சொல்வார்களே, அந்த மாதிரி இருந்தது.

ஆக்லே பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அம்பாங் பக்கத்திலிருந்து நகரத்துக்குள் வரும் திசையில் ஓட்டுங்கள். 7.9 கிலோமீட்டர்தான், பெரும்பகுதி ஆற்றின் மேலேயே தூணில் நிற்கிறது, இரண்டு பக்கமும் கூரைகள் தாழ்ந்திருக்க எதிரே இரட்டைக் கோபுரம் நெருங்கி வந்துகொண்டே இருக்கும். போன நவம்பரில் ஒரு நாள், மழை விட்டு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, சாலையில் வேறு வண்டியே இல்லை, நான்காவது கியரில் எழுபதில் வந்தேன். பானெட்டில் உருண்டு நின்ற ஒவ்வொரு துளியிலும் வெள்ளை வெளிச்சம். வளைவு வந்தபோது கோபுரங்கள் இரண்டும் பானெட்டின் இடது ஓரத்தில் தலைகீழாக ஏறி, மெதுவாக வழுக்கி, வலது ஓரத்தில் இறங்கின. துளிகள் காற்றில் பின்னுக்கு ஓடி வந்து வைப்பரில் முட்டிக் கோடாகின. வண்ண விளக்குகள் மாறும் சாலோமா நடைபாலத்துக்கு அடியில் போனபோது கார் முழுக்க ஊதா, உடனே பச்சை. வெள்ளைக் காரில் இது கிடைக்காது. வருடம் இரண்டு முறை கையால் பாலிஷ் போடும் உழைப்புக்கு அந்த ஒரு நிமிடம் போதும்.

பார்வை முனையிலிருந்து ஒரே இடத்தில் காரை நிறுத்தி வருடா வருடம் ஒரு படம் எடுத்து வைத்திருக்கிறேன். முதல் படத்தில் 452 மீட்டர் இரட்டைக் கோபுரமும் 421 மீட்டர் கேஎல் கோபுரமும்தான் ராஜா. அப்புறம் எக்ஸ்சேஞ்ச் 106 என்ற கோபுரம் எழும்பியது. 2021 படத்தில் மெர்டேக்கா 118 கோபுரத்தின் ஊசி முனை, மொத்தம் 678.9 மீட்டர், பழைய கோபுரங்கள் தம்பிகள் மாதிரி ஆகிவிட்டன. படங்களை வரிசையாக வைத்தால் ஊர் உயர்ந்துகொண்டே போகிறது, கீழே என் காரும் இறங்கி, கொஞ்சம் ஏறி, ரிம் மாறி, கண்ணாடி வெளுத்து வருகிறது. படம் எடுக்க நினைப்பவர்களுக்கு: டிரைபாட் வேண்டும், ஐஎஸ்ஓ 100, எஃப்8, எட்டிலிருந்து பத்து நொடி. ஹெட்லைட்டை அணைத்துவிட்டு சின்ன விளக்கை ஒரே ஒரு நொடி போட்டு அணையுங்கள், கார் கண் திறந்தது போல வரும்.

டர்போ ஏன் போடவில்லை என்று எல்லாரும் கேட்பார்கள். ஜப்பானில் கழித்த காரைப் பாதியாக அறுத்து விற்கும் ஹாஃப் கட் கடைகளில் டைஹாட்சு ஒய்ஆர்வி டர்போ காரின் கே3-விஇடி இன்ஜினைத் தேடிப் பிடித்து மைவியில் வைப்பவர்கள் நிறைய. நானும் இரண்டு மூன்று கார் ஓட்டிப் பார்த்தேன், இழுப்பு பிரமாதம். ஆனால் இன்ஜின் மாற்றினால் ஜேபிஜே அனுமதி, புஸ்பாகோம் என்ற வாகனச் சோதனை நிலையத்தில் சோதனை, இன்சூரன்ஸில் எழுதுவது என்று எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும், பிரேக்கையும் அதற்கு ஏற்ப மாற்ற வேண்டும், பின்னால் டிரம் பிரேக்கை வைத்துக்கொண்டு அந்த வேகம் வேண்டாம். எழுபதில் போனால்தான் எனக்கு ஊர் தெரிகிறது.

இப்போதைய நிலவரம்: 40 லிட்டர் டாங்கி நிரப்பினால் 470 கிலோமீட்டர் வரை வருகிறது. இன்ஜின் மவுண்டிங் தளர்ந்திருக்கிறது, சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங் லேசாக நடுங்குகிறது, அடுத்த மாதம் மாற்ற வேண்டும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் இரண்டாவது கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். துரு இல்லை. விலைக்குக் கேட்டு இந்த வருடம் மூன்று பேர் வந்தார்கள், கொடுக்கவில்லை. இந்த வருடப் படத்தை இன்னும் எடுக்கவில்லை, மழை ஓயட்டும் என்று காத்திருக்கிறேன்.