இமேஜ் இருக்கு என்றார், படம் இல்லை

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் லினக்ஸ் டிஸ்க்கைப் பழுதுபார்க்கக் கொடுக்கப் போகிறவர்கள் முதலில் இதைப் படியுங்கள். கடைப் பெயர் போடவில்லை.

தோட்டத்து லயங்களை (வரிசை வீடுகளை) இடிக்கும் முன் வீடு வீடாகப் போய் நான் எடுத்த படங்கள், கோயில் தீமிதிப் படங்கள், எல்லாம் ஒரே 4 டிபி டிஸ்க்கில், எக்ஸ்எஃப்எஸ் என்ற லினக்ஸ் ஃபைல் சிஸ்டத்தில். வேறு காப்பி இல்லை, அது என் தப்பு. ஒரு சாயங்காலம் இடி இடித்துக் கரண்ட் போனது. டிஸ்க் மவுண்ட் ஆகவில்லை, அதாவது திறக்கவே இல்லை. டவுனில் லினக்ஸ் தெரியும் என்றது ஒரே ஒரு கடைதான்.

"பயப்படாதீங்கண்ணே, மெட்டாடேட்டா இமேஜ் எடுத்து வச்சிட்டுத்தான் கை வைப்பேன். என்ன ஆனாலும் எல்லாம் அதுல இருக்கும்" என்றார் கடைத் தம்பி. 350 வெள்ளி (ரிங்கிட்). சரி என்றேன்.

மூன்று நாள் கழித்து வாங்கித் திறந்தால், பாதிக்கு மேல், இடம் தெரியாத ஃபைல்களை ரிப்பேர் போட்டுவைக்கும் லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட் ஃபோல்டரில் கிடக்கிறது, பெயருக்குப் பதில் வெறும் எண்கள். கேட்டதற்கு, "இமேஜ்லேருந்து எடுத்துத் தரேன், இன்னும் 400 ஆகும்."

அந்த இமேஜில் படமே கிடையாது! எந்த ஃபைல், எந்த ஃபோல்டர், டிஸ்க்கில் எங்கே என்ற விவரம் மட்டும்தான். தோட்டத்துக் கிராணியின் செக்ரோல் (ஆள் பதிவேடு) மாதிரி: பெயர் இருக்கும், ஆள் அதற்குள் இல்லை. இதில் பெயரும் இல்லை. இந்த இமேஜை எடுக்கும் மெட்டாடம்ப் கருவி வழக்கமாகப் பெயர்களை உருமாற்றிவிடும். 'மைனஸ் ஓ' போட்டால்தான் உண்மைப் பெயர் வரும். அவர் போடவில்லை.

இன்னொன்று. அவரே அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் ரிப்பேர் ஓடியது மதியம் 2.10, அதுவும் 'மைனஸ் எல்' போட்டு. இமேஜ் ஃபைலில் இருந்த நேரம் 4.35. கை வைத்த பிறகுதான் இமேஜே எடுத்திருக்கிறார்.

மைனஸ் எல் என்றால், டிஸ்க்கில் இன்னும் எழுதி முடிக்காத மாற்றங்களின் லாக்கை அப்படியே அழிப்பது. வேறு வழியே இல்லாதபோதுதான் அதைத் தொடவேண்டும். முறைப்படி, மவுண்ட் ஆகாத நிலையில் 'மைனஸ் ஓ' போட்டு மெட்டாடம்ப் எடுத்து, அதை விரிக்கும் எம்டிரீஸ்டோர் கருவி மூலம் வேறொரு டிஸ்க்கில் ஒரு ஃபைலாக விரித்து, ரிப்பேரை முதலில் அதன்மேல் ஓட்டவேண்டும். பிறகு அதை மவுண்ட் செய்தால் எந்த ஃபோல்டர் பிழைக்கும், எது எண்ணாக மாறும் என்று நிஜ டிஸ்க்கைத் தொடாமலே தெரிந்துவிடும். டிஸ்க்கே சாகக் கிடந்தால் இதெல்லாம் அப்புறம். முதலில் டிடிரெஸ்க்யூ போட்டு முழு டிஸ்க்கையும் காப்பி எடுக்கவேண்டும்.

கடையில் "இமேஜ் மேல ஓட்டிப் பார்த்தீங்களா, என்ன வந்துச்சு?" என்று கேளுங்கள். முழித்தால் டிஸ்க்கைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.

400 வெள்ளியை நான் கொடுக்கவில்லை. ராத்திரியில் அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, எண்களை ஒவ்வொன்றாகத் திறக்கிறேன். வாசல் படியைப் பார்த்தே யார் வீடு என்று சொல்லிவிடுகிறார்.