இங்க் வராத பிரிண்டர்: கிளீனிங்கா, வெந்நீரா, ஊசியா?

இங்க்ஜெட் பிரிண்டரில் அச்சடித்த பக்கத்தில் வெள்ளைக் கோடு விழுந்ததும் கை தானாகப் போவது 'ஹெட் கிளீனிங்' பக்கம்தான். இங்க்கைத் தாளில் தெளிக்கும் பாகம்தான் ஹெட், அதைப் பிரிண்டரே சுத்தம் செய்துகொள்ளும் வசதி இது. ஒரு தடவை, இரண்டு தடவை, அப்புறம் கோபத்தில் ஏழெட்டுத் தடவை. அப்படி ஒரு கார்ட்ரிட்ஜைப் பாதிக்கு மேல் காலி செய்தவன் நான். கடைசியில் பார்த்தால் அடைப்பே இல்லை. புது கார்ட்ரிட்ஜின் மேல் ஒட்டியிருந்த டேப்பை நான் சரியாக உரிக்காமல் விட்டிருந்தேன். காற்று உள்ளே போக வழி இல்லாததால் இங்க் கீழே இறங்கவில்லை. டேப்பின் மிச்சத்தை நகத்தால் சுரண்டி எடுத்த பிறகு இரண்டாவது பக்கமே பளிச்சென்று வந்தது.

பிரிண்டரின் சொந்த கிளீனிங், சும்மா விட்டு வைப்பது, வெந்நீர், கிளீனிங் திரவம், சிரிஞ்ச், புதிதாக மாற்றுவது என்று வழிகள் பல. எது நல்லது என்று கேட்டால் என் பதில் ஒன்றுதான்: கோளாறு அடைப்பா, இங்க் வந்து சேராத பட்டினியா என்று தெரியாமல் எதையும் தொடாதீர்கள். அடுத்து, ஹெட் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இந்த இரண்டும் தெரிந்துவிட்டால் மேலே சொன்ன வழிகளில் பாதி தானாகவே விலகிவிடும்.

அடைப்பா, பட்டினியா?

இதைக் காட்டிக்கொடுப்பது நாசில் செக், அதாவது ஹெட்டின் நுண்துளைகளான நாசில்கள் எல்லாவற்றிலும் இங்க் வருகிறதா என்று காட்டும் சோதனைப் பக்கம். கிளீனிங்கோடு ஒப்பிட்டால் இதற்கு ஆகும் இங்க் மிகவும் குறைவு. ஆனாலும் பலர் இதைத் தாண்டி நேராக கிளீனிங்குக்குப் போய்விடுகிறார்கள். அடுத்தடுத்து இரண்டு நாசில் செக் பக்கம் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இரண்டிலும் அதே இடத்தில் கோடு அறுந்திருந்தால், அந்த நாசில்களில் இங்க் காய்ந்து உட்கார்ந்திருக்கிறது. இதுதான் நிஜமான அடைப்பு. முதல் பக்கத்தில் ஓரிடத்திலும் அடுத்ததில் வேறிடத்திலும் அறுந்திருந்தால், அது பெரும்பாலும் காற்றுக் குமிழி. காய்ந்த இங்க் இடம் மாறாது, குமிழி மாறும். நாசில் செக் அழகாக வந்து, முழுப் பக்கப் படம் அடிக்கும்போது மட்டும் பாதியிலிருந்து நிறம் வெளுத்துக்கொண்டே போனால், அது பட்டினி. ஹெட் கேட்கும் வேகத்துக்கு இங்க் வந்து சேரவில்லை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? டேங்கில் (பாட்டிலிலிருந்து இங்க் ஊற்றும் தொட்டி) இங்க் கோட்டுக்குக் கீழே போயிருக்கலாம், காற்றுத் துளை அடைபட்டிருக்கலாம், டேங்கிலிருந்து ஹெட்டுக்கு இங்க் வரும் டியூபில் நீளமாகக் காற்று நிற்கலாம். பழைய டேங்க் மாடல்கள் சிலவற்றில் பிரிண்டரைத் தூக்கிச் செல்லும்போது மூடி வைக்க ஒரு சின்னத் திருகு இருக்கும். இடம் மாற்றியபின் அதைத் திறக்க மறந்தவர்களும் உண்டு.

ஒரு நிறம் மொத்தமாகக் காணோம் என்றால் அது தனிக் கதை, கீழே வருகிறேன். எழுத்துகள் இரட்டையாகவோ நெளிந்தோ தெரிந்தால் அது இங்க் பிரச்சினையே இல்லை. ஹெட்டை நேர்ப்படுத்தும் அலைன்மென்ட் செய்தால் போதும்.

ஹெட் எங்கே இருக்கிறது?

கார்ட்ரிட்ஜைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். அடியில் மெல்லிய தகடும் பக்கவாட்டில் செம்பு நிறப் புள்ளிகளும் தெரிந்தால் ஹெட் அதிலேயே இருக்கிறது. எச்பியின் பல வீட்டு மாடல்களும், கறுப்பு ஒன்று கலர் ஒன்று என்று இரண்டே கார்ட்ரிட்ஜ் போடும் கேனன் மாடல்களும் இந்த வகை. இங்க் வெளியேறும் ஒரு துளை மட்டும் தெரிந்தால் ஹெட் பிரிண்டருக்குள் இருக்கிறது. எப்சன், பிரதர் இரண்டும் அப்படித்தான். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித் தொட்டி வைத்த கேனன் மாடல்கள் பலவற்றில், ஹெட் உள்ளே இருந்தாலும் நெம்புகோலைத் தூக்கிக் கழற்றிவிடலாம்.

இந்த வித்தியாசத்துக்குப் பின்னால் ஒரு காரணம் உண்டு. 1977-இல் கேனன் ஆய்வகத்தில், இங்க் நிரப்பிய சிரிஞ்சின் ஊசியில் சூடான சால்டரிங் அயர்ன் தற்செயலாகப் பட, ஊசி முனையிலிருந்து இங்க் பீய்ச்சியடித்ததாம். சூட்டில் உண்டாகும் குமிழி இங்க்கைத் தள்ளும் தெர்மல் முறையை கேனன் அங்கிருந்து தொடங்கியது. அதே முறையைத் தனியாகக் கண்டுபிடித்த எச்பி, 1984-இல் திங்க்ஜெட் பிரிண்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இந்த ஹெட்களை மலிவாகச் செய்யலாம். ஆனால் சூடாகிச் சூடாகித் தேயும். அதனால் கார்ட்ரிட்ஜோடு சேர்த்துத் தூக்கி எறிவது கட்டுபடியானது. எப்சன் பிடித்துக்கொண்டது பியெசோ முறையை. மின்சாரம் பட்டதும் ஒரு படிகம் வளைந்து இங்க்கைத் தள்ளும். சூடு இல்லாததால் நெடுநாள் உழைக்கும், ஆகவே பிரிண்டரிலேயே நிரந்தரமாகப் பொருத்திவிட்டார்கள். உழைப்பது நல்லதுதான், ஆனால் அடைத்துக்கொண்டால் கழற்றிக் கழுவ முடியாது. நாசிலின் துளையோ தலைமுடியின் தடிமனில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. அதிலிருந்து வரும் துளியை அளப்பது பிகோலிட்டரில். ஒரு லிட்டரை லட்சம் கோடியாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு.

பிரிண்டரின் கிளீனிங்கும் பொறுமையும்

கிளீனிங் அழுத்தியதும் என்ன நடக்கிறது? ஹெட் ஓரத்துக்குப் போய் ஒரு ரப்பர் மூடியின் மேல் உட்காரும். கீழிருந்து ஒரு பம்ப் இங்க்கை உறிஞ்சும். பிறகு ஒரு ரப்பர் பட்டை ஹெட்டின் முகத்தைத் துடைக்கும். உறிஞ்சிய இங்க் அடியில் இருக்கும் பஞ்சுக்குப் போய்ச் சேரும். அந்தப் பஞ்சு எவ்வளவு குடித்தது என்று பிரிண்டர் கணக்கு வைத்திருக்கிறது. கணக்கு நிரம்பினால் வேலை செய்ய மறுத்துவிடும். கேனன்காரர்களுக்கு 5பி00 என்ற பிழை எண் இப்படித்தான் அறிமுகமாகியிருக்கும். ஆக, ஒவ்வொரு கிளீனிங்கிலும் இங்க்கும் போகிறது, பஞ்சின் ஆயுளும் போகிறது.

புதிதாக வந்த சின்ன அடைப்புக்கு இதுவே போதும், மறுப்பில்லை. ஆனால் மூன்றோடு நிறுத்துங்கள். எப்சன் டேங்க் மாடல்களின் கையேடுகளே அதைத்தான் சொல்கின்றன: மூன்று முறை செய்தும் சரியாகவில்லை என்றால் குறைந்தது 12 மணி நேரம் அச்சடிக்காமல் விட்டுவிட்டு மறுபடி பாருங்கள். ஏதோ தட்டிக்கழிக்கும் பதில்போலத் தெரியும். உண்மையில், உறிஞ்சும்போது உண்டான நுண்ணிய குமிழிகள் அடங்க நேரம் வேண்டும். காய்ந்த இங்க்கும் புது இங்க்கில் ஊறி இளகும். குமிழிக் கோளாறுக்கு இந்தக் காத்திருப்பு பத்து கிளீனிங்கை விட மேல் என்பது என் அனுபவம். இரவு அப்படியே விட்டுவிட்டுக் காலையில் பார்த்தால், கோடு தானாக ஒட்டியிருக்கும். அந்த வேளைகளில் நேற்று ராத்திரி வீணாக்கிய இங்க்கை நினைத்தால்தான் வயிறு எரியும்.

டேங்க் மாடல்களில் 'பவர் கிளீனிங்' என்று இன்னொன்றும் உண்டு. டியூபில் இருக்கும் இங்க் முழுவதையும் இது மாற்றிவிடும். டியூபில் கண்ணுக்குத் தெரியும்படி காற்று நின்றால் இதுதான் சரியான வழி. ஆனால் எல்லா டேங்கிலும் மூன்றில் ஒரு பங்காவது இங்க் இருக்க வேண்டும். குறைவாக இருக்கும்போது செய்தால் இருக்கிற காற்றோடு இன்னும் காற்றை இழுத்துக்கொள்ளும்.

மொத்தமாகக் காணாமல் போன நிறத்துக்கு வருகிறேன். டேங்கில் இங்க் இருக்கிறது, எத்தனை கிளீனிங் செய்தாலும் அசையவில்லை என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது ஹெட்டை அல்ல, அந்த ரப்பர் மூடியை. காய்ந்த இங்க்கும் தூசியும் விளிம்பில் சேர்ந்துவிட்டால் மூடி ஹெட்டோடு ஒட்டி உட்காராது, பம்ப் வெறும் காற்றைத்தான் இழுக்கும். சோதிப்பது சுலபம். ஹெட்டை நகர்த்திவிட்டு, மூடிக்குள் சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஒரு கிளீனிங் ஓட்டுங்கள். தண்ணீர் காணாமல் போனால் பம்ப் உயிரோடு இருக்கிறது. அப்படியே நின்றால் நோய் அங்கேதான். ஈரமான பஞ்சுக் குச்சியால் மூடியின் விளிம்பைச் சுற்றித் துடைத்தாலே பல பிரிண்டர்கள் பிழைத்துக்கொள்ளும். இவ்வளவு எளிய வேலையை ஏன் யாரும் முதலில் சொல்வதில்லை என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

வெந்நீர், கிளீனிங் திரவம்

ஹெட்டோடு சேர்ந்த கார்ட்ரிட்ஜுக்கு வெந்நீருக்கு மிஞ்சியது இல்லை. டிஷ்யூ பேப்பரை நான்காக மடித்து வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்து ஒரு தட்டில் வையுங்கள். கார்ட்ரிட்ஜின் நாசில் பக்கத்தை அதன்மேல் மெதுவாக அழுத்தி, அரை நிமிடம் பிடித்துவிட்டு எடுத்துப் பாருங்கள். கலர் கார்ட்ரிட்ஜ் என்றால் டிஷ்யூவில் மூன்று பட்டைகள் விழ வேண்டும்: சயான், மெஜந்தா, மஞ்சள். இரண்டுதான் விழுந்தால் எந்த நிறம் சிக்கிக்கொண்டது என்று அங்கேயே தெரிந்துவிடும். மஞ்சள் ஈரத்தில் மங்கலாகத்தான் தெரியும், அதை வைத்துப் பயப்பட வேண்டாம். மூன்றும் ஒன்றோடொன்று கலந்து சேறாகத் தெரிந்தால் உலர்ந்த டிஷ்யூவில் இன்னொரு ஒற்று.

இதற்கும் மசியாவிட்டால் ஒரு பாட்டில் மூடியில் நாசில் மட்டும் நனையும் அளவுக்கு வெந்நீர் ஊற்றி ஐந்து நிமிடம் நிறுத்தலாம். கை பொறுக்கும் சூடு போதும், கொதிக்கிற நீர் வேண்டாம். குழாய்த் தண்ணீரில் உப்பு இருக்கும் என்பதால் டிஸ்டில்ட் வாட்டர் நல்லது. செம்புப் புள்ளிகள் நனைந்தால் நன்றாகக் காயவிட்ட பிறகே மாட்ட வேண்டும். கழற்றக்கூடிய கேனன் ஹெட்டை ஊறவைத்தால் ஒரு நாள் முழுக்கக் காயட்டும். ஈரத்தோடு மாட்டி மின்சாரம் கொடுத்தால் அடைப்போடு ஹெட்டும் சேர்ந்து போய்விடும்.

வெந்நீர் தோற்பது பிக்மென்ட் இங்க்கிடம். டை இங்க் தண்ணீரில் கரைந்த சாயம். காய்ந்தாலும் தண்ணீர் பட்டால் இளகும். பிக்மென்ட் என்பது நீரில் மிதக்கும் நுண்துகள், கூடவே பிசினும் உண்டு. காய்ந்தால் பெயின்ட் மாதிரி இறுகிவிடும். எழுத்து அழியாமல் இருக்க வேண்டும் என்பதால் பல மாடல்களில் கலர் டையாகவும் கறுப்பு மட்டும் பிக்மென்ட்டாகவும் இருக்கும். கறுப்பு மட்டும் அடிக்கடி அடைத்துக்கொண்டால் காரணம் அதுவாக இருக்கலாம். இங்கே ஹெட்டுக்கென்றே விற்கும் கிளீனிங் திரவத்துக்குத்தான் என் ஓட்டு. பிரிண்டருக்குள்ளேயே இருக்கும் ஹெட்டுக்கும் அதுதான்.

அதைப் போடும் விதம் இது. கிளீனிங் தொடங்கி, ஹெட் மூலையை விட்டு நகர்ந்ததும் பிளக்கைப் பிடுங்குங்கள். இப்போது ஹெட் கையால் தள்ளினாலே நகரும். பஞ்சு உதிராத துணியை விரல் அகலத்துக்கு மடித்து, திரவத்தில் நனைத்து, ஹெட் போகும் பாதையில் வைத்து, ஹெட்டை அதன்மேல் கொண்டுவந்து சில மணி நேரம் நிறுத்துங்கள். துணியை எடுக்கும்போது கறுப்பாக ஊறியிருந்தால் மனசுக்கு ஒரு நிம்மதி.

கையில் இருக்கிறதே என்று கண்ணாடி துடைக்கும் திரவத்தையோ ஆல்கஹாலையோ ஊற்றுகிறவர்கள் உண்டு. சிலருக்குப் பலித்தும் இருக்கிறது. ஆனால் ஆல்கஹால் சில பிக்மென்ட் இங்க்குகளைத் திரிய வைத்துவிடும், ரப்பரையும் காயவைக்கும். எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை.

சிரிஞ்ச்

வேகமாகப் பலன் தருவதும் இதுதான், வேகமாகக் கொல்வதும் இதுதான். இங்க் நுழையும் துளையில் சின்ன டியூபை மாட்டி, சிரிஞ்சால் திரவத்தை உள்ளே தள்ளுவது முறை. கழற்றக்கூடிய ஹெட் என்றால் வேறு வழி இல்லாதபோது செய்து பார்க்கலாம். நிரந்தர பியெசோ ஹெட்டில் அழுத்தம் கொஞ்சம் கூடினாலும் உள்ளே ஒட்டியிருக்கும் அடுக்குகள் பிரிந்துவிடும். பிறகு ஒரு நிறம் இன்னொன்றோடு கலந்தே வரும். உறவினர் ஒருவருடைய பிரிண்டரில் மெஜந்தாவுக்கு நான் அழுத்திய அழுத்தில் அதன்பின் மஞ்சளே ஆரஞ்சாகத்தான் வந்தது. நல்ல மனிதர், சிரித்துக்கொண்டே புதுசு வாங்கிக்கொண்டார்.

செய்தே தீர வேண்டும் என்றால் தள்ளாதீர்கள். துளைமேல் சில சொட்டு விட்டுத் தானாக இறங்கவிடுங்கள். ஒரு மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை.

மாற்றிவிடலாமா?

ஹெட்டோடு சேர்ந்த கார்ட்ரிட்ஜில் யோசிக்கவே வேண்டாம். வெந்நீர் இரண்டு தடவை பலிக்காவிட்டால் புதுசு போடுங்கள், ஹெட்டும் புதிதாகிவிடும். நிரந்தர ஹெட் போய்விட்டால் மாற்றும் செலவு பல நேரம் புது பிரிண்டர் விலையை நெருங்கும். மாதத்துக்கு இரண்டு பக்கம் கறுப்பில் மட்டும் அடிப்பவர் என்றால் இன்னொரு இங்க்ஜெட்டே வேண்டாம், லேசர் வாங்குங்கள். டோனர் பொடிதான், காய்வதற்கு அதில் ஈரமே இல்லை.

இங்க்ஜெட்டே போதும் என்பவர்களுக்கு: வாரத்துக்கு ஒரு பக்கம் எல்லா நிறத்திலும் அடியுங்கள். அணைக்கும்போது சுவர் ஸ்விட்சைத் தட்டாமல் பிரிண்டரின் பட்டனை அழுத்துங்கள். ஹெட் ஓரத்துக்குப் போய் மூடியில் உட்காரும் 'கர்ர்… டக்' சத்தம் கேட்கும். சுவர் ஸ்விட்சை அணைப்பது அந்த 'டக்'குக்கு அப்புறம்.