1+1, 2+1, 25% கூடுதல்: எந்த ஆஃபரில் உண்மையில் காசு மிச்சம்?

சூப்பர் மார்க்கெட் அலமாரியில் 'இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்' என்ற அட்டையைப் பார்த்ததும், மூன்றில் ஒரு பங்கு காசு மிச்சம் என்று மனம் கணக்குப் போட்டுவிடுகிறது. அது எம்.ஆர்.பி.யை வைத்துப் போட்ட கணக்கு. நம் ஊர்ப் பெரிய கடைகளில் பல பொருள்கள் சாதாரண நாளிலேயே எம்.ஆர்.பி.க்கு விற்பதில்லை. ஐந்து, பத்து, பதினைந்து சதவீதம் குறைத்துத்தான் விற்கிறார்கள். ஆஃபர் போட்ட வாரத்தில் அந்தத் தினசரித் தள்ளுபடி சத்தமில்லாமல் நின்றுபோவதுண்டு. அட்டையில் 33 சதவீதம் என்று தெரிவது, நீங்கள் போன வாரம் கொடுத்த விலையோடு ஒப்பிட்டால் வேறு எண்ணாக இருக்கும். ஆஃபர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது அளவுகோலாக வைக்கவேண்டியது அந்தப் போன வார விலையைத்தான்.

ஒரே பொருளை எடுத்துக்கொள்வோம். பாத்திரம் கழுவும் லிக்விட், 500 மி.லி., எம்.ஆர்.பி. 120 ரூபாய், கடையில் வழக்கமாக 104 ரூபாய். எல்லா ஆஃபரும் எம்.ஆர்.பி. மீது போடப்படுவதாக வைத்தால், ஒரு பாட்டில் அளவுக்கு நமக்கு விழும் விலை இது:

ஆஃபர் இல்லாத நாள்: 104 ரூபாய்.
1+1: 60 ரூபாய்.
2+1: 80 ரூபாய்.
இரண்டாவது பாட்டில் பாதி விலை: 90 ரூபாய்.
25% கூடுதல் (625 மி.லி. அதே 120 ரூபாய்க்கு): 96 ரூபாய்.
மூன்று எடுத்தால் 10% தள்ளுபடி: 108 ரூபாய்.

கடைசி வரியைக் கவனியுங்கள். மூன்று பாட்டில் தூக்கிவந்து, ஒவ்வொன்றுக்கும் போன வாரத்தைவிட 4 ரூபாய் அதிகம் கொடுத்திருப்போம். பெயரென்னவோ தள்ளுபடிதான். 2+1-ல் உண்மையான லாபம் 33 சதவீதம் அல்ல, 23. 'இரண்டாவது பாதி விலை' என்பதைப் படிக்கும்போது 50 என்ற எண்தான் காதில் விழுகிறது, எம்.ஆர்.பி.யிலேயே அது 25 சதவீதம், வழக்கமான விலையோடு பார்த்தால் 13.5. '25% கூடுதல்' என்பதும் 25 சதவீதத் தள்ளுபடி ஆகாது. ஐந்து பங்கு வாங்கி நாலு பங்குக்குக் காசு கொடுக்கிறோம், அது 20 சதவீதம். தினசரி விலையோடு ஒப்பிட்டால் 8-க்கும் கீழே.

ஆனாலும் கூடுதல் அளவு பேக்குக்கு ஒரு நல்ல குணம் உண்டு: இரண்டு மூன்று எடுக்கச்சொல்லி வற்புறுத்துவதில்லை. ஒன்று போதும் என்பவருக்கும் அதே சலுகை கிடைக்கிறது. 1+1-ல் எண் பெரிது என்றாலும், எம்.ஆர்.பி. சமீபத்தில் ஏறியதா என்று பார்க்கவேண்டும். 120 ரூபாயாக இருந்தது 150 ஆனபின் 1+1 வந்தால் ஒரு பாட்டில் 75 ரூபாய். அதுவும் லாபம்தான், ஆனால் பழைய விலையில் பாதி இல்லை. அலமாரியின் பின்வரிசையில் பழைய எம்.ஆர்.பி. அச்சிட்ட பாட்டில் ஒன்றிரண்டு இருந்தால் எடுத்துப் பார்த்துவிடலாம்.

கலந்து எடுக்கும் ஆஃபர் இதில் மோசமானது. 'எதை வேண்டுமானாலும் மூன்று எடுங்கள், ஒன்று இலவசம்' என்றால், பில்லில் கழிவது மூன்றில் விலை குறைந்தது. 150, 140, 60 ரூபாய்ப் பொருள்களை எடுத்தால் கழிவது 60. மொத்தம் 350-ல் 17 சதவீதம். இதை எடுத்தே ஆகவேண்டும் என்றால், ஒரே விலையுள்ள மூன்றை எடுப்பதுதான் சரி.

இந்தக் கணக்கையெல்லாம் பேக்கே போட்டுத்தரவேண்டும் என்பதற்காகத்தான் யூனிட் விலை வந்தது. சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருள்கள்) விதிகளில் 2021-ல் செய்த திருத்தத்தின்படி, எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் கிராமுக்கோ கிலோவுக்கோ மி.லி.க்கோ என்ன விலை என்று அச்சிடவேண்டும். நல்ல விதி. ஆனால் அதை நம்பி நிற்பவர் மூன்று இடத்தில் தடுக்கி விழுவார்.

ஒன்று, அது எம்.ஆர்.பி.யின் யூனிட் விலை. கடைத் தள்ளுபடியும் ஆஃபரும் அதில் சேராது. இரண்டு, ஒரு கிலோவுக்குக் கீழே கிராம் கணக்கு, மேலே போனால் கிலோ கணக்கு. 500 கிராம் பாக்கெட்டில் 0.18 என்றும், 2 கிலோ பையில் 172 என்றும் இருக்கும். முதல் எண்ணை ஆயிரத்தால் பெருக்கினால்தான் 180 என்று தெரியும், அதன்பிறகுதான் ஒப்பிடமுடியும். மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. எண்ணை இரண்டு தசம இடத்துக்கு முழுதாக்கி அச்சிடுகிறார்கள். அப்படியென்றால் கிராமுக்கு 0.18 என்பது கிலோவுக்கு 175 ரூபாயாகவும் இருக்கலாம், 185-க்குச் சற்றுக் கீழேயும் இருக்கலாம். விலை குறைந்த பொருளில் இந்த இடைவெளி பெரிது: அரைக் கிலோ உப்பில் 0.03 என்று போட்டிருந்தால், கிலோ 25 ரூபாயா 34 ரூபாயா என்று அதை வைத்துச் சொல்லமுடியாது. ஆகவே உப்பு, ரவை, மைதா போன்றவற்றில் போனை எடுத்து நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள். கொடுக்கும் மொத்தக் காசை மொத்தக் கிராமால் வகுத்து, நூறால் பெருக்கினால் 100 கிராம் விலை. எல்லா ஆஃபரையும் இந்த ஒரே எண்ணுக்குக் கொண்டுவந்துவிட்டால் ஒப்பிடுவது எளிது.

சோப்புக் கட்டில் இந்தக் கணக்கு அவசியம். தனி சோப்பு 125 கிராம், '3+1' கட்டுக்குள் இருப்பது 100 கிராம் என்று அளவே வேறாக இருக்கலாம். கட்டு 150 ரூபாய், தனி சோப்பு 45 ரூபாய் என்றால், நாலு சோப்பு 180-க்குப் பதில் 150-க்குக் கிடைக்கிறது என்று தோன்றும். 400 கிராமுக்கு 150 ரூபாய் என்றால் 100 கிராம் 37.50. தனி சோப்பிலோ 36. கட்டில் எத்தனை துண்டு, ஒவ்வொன்றும் எவ்வளவு எடை என்பது வெளி உறையில் கட்டாயம் இருக்கவேண்டும். அநேகமாகக் கீழ்ப்பக்கம் மடிப்பில் இருக்கும், கவிழ்த்துப் பாருங்கள். எண்ணெய்ப் பாக்கெட்டிலும் இதே கவனம் வேண்டும். ஒரு லிட்டர் சூரியகாந்தி எண்ணெய்ப் பாக்கெட் ஒன்று நிற்கிறது. அதே உயரத்தில் நிற்கும் பக்கத்துப் பாக்கெட் 850 மி.லி.யாக இருந்தால், 2+1-ல் மூன்று பாக்கெட்டுக்கும் சேர்த்து 450 மி.லி. குறைகிறது.

பில் போடும்போது நடக்கும் தவறுகள் தனி. ஆஃபர் பார்கோடோடு கட்டப்பட்டது. அட்டை எலுமிச்சை வாசனைக்கு, நீங்கள் எடுத்தது வேம்பு என்றால், இரண்டும் ஒரே விலையாக இருந்தாலும் கணினி கழிக்காது. பழைய ஸ்டாக்குக்கும் புதிய ஸ்டாக்குக்கும் பார்கோடு மாறியிருந்தாலும் இதே கதிதான். ஆஃபர் முடிந்தும் அட்டையை எடுக்காமல் விட்டிருப்பார்கள். பல கடைகளில் பில்லில் மூன்று பாட்டிலும் முழு விலையில் வந்து, கழிவு கடைசியில் தனி வரியாக மைனஸ் குறியோடு வரும். அந்த வரி இருக்கிறதா என்று பணம் கொடுக்கும்முன் கேட்டுவிடவேண்டும். பை கட்டி வெளியே வந்தபின் கேட்டால் மேனேஜர், ரிட்டர்ன் பில் என்று அரை மணி நேரம் போய்விடும். பில்லின் அடியில் 'இன்று நீங்கள் சேமித்தது' என்று வரும் தொகையும் எம்.ஆர்.பி.யிலிருந்து கழித்ததுதான், அதைக் குடும்பச் சேமிப்பாக எண்ணவேண்டாம்.

இனி, வாங்கியதை என்ன செய்யப்போகிறோம் என்பது. மேலே சொன்ன 2+1-ல் 240 ரூபாய் கொடுக்கிறோம். வழக்கமான 104-ஆல் வகுத்தால் 2.3. மூன்றாவதில் மூன்றில் ஒரு பங்கையாவது பயன்படுத்தினால்தான் கைக்காசு போகாமல் தப்பும். லிக்விட் கெடாது, முழுதும் தீரும். துணி சோப்பு, பற்பசை, நாப்கின், உப்பு எல்லாம் அந்த வகைதான். தாராளமாக எடுக்கலாம். ரவையும் கோதுமை மாவும் அப்படி இல்லை. மழைக்காலத்தில் மூன்றாவது பாக்கெட்டைப் பிரிக்கும்போது வண்டு ஓடும். சல்லடையில் சலித்தாலும் வாடை போகாது. காப்பித்தூள் கெடாவிட்டாலும் மணம் இறங்கிவிடும், பிறகு டிகாஷனுக்கு ஒரு ஸ்பூன் கூடுதலாகப் போடுவோம். பிஸ்கட், சிப்ஸ், குளிர்பானத்தில் நிலைமை நேர்மாறு: வீணாகாது, வேகமாகத் தீரும். ஒரு வாரத்துக்கு ஒரு பாக்கெட் என்றிருந்த வீட்டில் மூன்று இருந்தால் மூன்றும் அந்த வாரமே காலி. விலை குறைந்தும் மாதச் செலவு ஏறுவது இப்படித்தான். இங்கிலாந்தில் 2025 அக்டோபர் 1 முதல், கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பல வகைத் தின்பண்டங்களுக்கு 1+1 போன்ற ஆஃபர் போடக்கூடாது என்று பெரிய, நடுத்தரக் கடைகளைத் தடுத்ததற்குக் காரணமும் இதுவே.

சேர்த்துக் கட்டிய பேக்கில் இரண்டின் தேதியையும் தனித்தனியே பாருங்கள். முன்னால் தெரியும் பாட்டிலில் ஒரு வருடமும், பின்னால் டேப் ஒட்டிய இலவசப் பாட்டிலில் இரண்டு மாதமும் மிச்சம் இருக்கலாம். டேப் தேதியை மறைத்திருந்தால் வேறு பேக் எடுப்பதே நல்லது.

'1,499 ரூபாய்க்கு வாங்கினால் ஒரு கிலோ சர்க்கரை 9 ரூபாய்' என்ற வகையில் கணக்கு சுருக்கம். சர்க்கரை வெளியே 45 ரூபாய் என்றால் லாபம் 36 ரூபாய், அவ்வளவுதான். கூடையில் 1,260 ரூபாய்க்குப் பொருள் இருக்கும்போது, மீதி 239 ரூபாய்க்கு எடுப்பதில் தேவையில்லாதது 36 ரூபாயைத் தாண்டினால் நஷ்டம். அடுத்த மாதம் எப்படியும் வாங்கும் துவரம்பருப்பை எடுத்து நிரப்பினால் சரி.

வாங்குகிறவர்கள் இதற்கெல்லாம் பலவிதமாக ஈடுகொடுக்கிறார்கள். ஒரே அபார்ட்மென்டில் இரண்டு வீட்டுக்காரர்கள் 1+1-ஐப் பிரித்துக்கொள்வது உண்டு. காசு கைமாறுவது உடனே நடந்தால் இது நன்றாகவே வேலைசெய்கிறது. பத்துப் பன்னிரண்டு பொருளின் போன மாத விலையைப் போனில் குறித்துவைப்பது அதைவிட எளிது, பழைய பில்களின் படமே போதும். தனியாக இருக்கும் முதியவருக்கும், அறையில் தங்கி வேலைக்குப் போகிறவருக்கும் இந்த வழிகள் எதுவும் பொருந்தாது. ஒன்று மட்டும் வேண்டும் என்பதற்காக முழு எம்.ஆர்.பி. கொடுப்பவர்கள் அவர்கள்தான். இது எங்களுக்குப் பெரிய அநியாயமாகத் தெரிகிறது. அந்த வாரத்தில் அவர்களுக்கு அண்ணாச்சி கடையில் வழக்கமான விலைக்கு ஒன்று வாங்குவதோ, 100 கிராம், 200 கிராம் என்று நிறுத்து வாங்குவதோதான் மலிவு. கடை நினைத்தால் ஒற்றை விலையைக் குறைக்கமுடியாதா என்றால், முடியும். ஸ்காட்லாந்தில் 2011 அக்டோபரில் மதுவுக்கு இத்தகைய மொத்த ஆஃபரைத் தடைசெய்தபோது, கடைகள் ஒற்றைப் பாட்டிலின் விலையைக் குறைத்து விற்றன.

ஏமாற்றப்பட்டதாகத் தெரிந்தால் சட்டத்தில் இடம் இருக்கிறது. தவறான விளம்பரங்களைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளின்படி, ஆஃபருக்காக வாங்கவேண்டிய பொருளின் விலையை ஏற்றியோ, அளவையோ தரத்தையோ குறைத்தோ விட்டு இன்னொன்றை 'இலவசம்' என்று சொல்லக்கூடாது. புகாருக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. எடை, எம்.ஆர்.பி. அச்சு சம்பந்தப்பட்டது என்றால் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறைதான் பார்க்கிறது. புகாருக்கு மூன்று படம் வேண்டும்: அலமாரி அட்டை, பேக்கின் அச்சுப்பகுதி, பில். முடிந்தால் ஆஃபருக்கு முந்தைய பில்லும் சேர்த்து. அட்டையைக் கடையில் நிற்கும்போதே எடுத்துவிடுங்கள், மறுநாள் அது அங்கே இருக்காது.