பூட்டிய வீடு, பழைய சிம், காசிமேட்டு மீன்: வடசென்னையில் ஒரு வாரம்

வெளிநாட்டிலிருந்து ஒரு வார லீவில் ஊருக்கு வருபவர்கள் கையில் இருக்கும் வேலைப் பட்டியல் ஏறக்குறைய ஒன்றுதான். பூட்டிக் கிடக்கும் அப்பா அம்மா வீட்டைத் திறந்து ஓட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். பேங்க், கேஸ், கரண்ட் பில், வீட்டு வரி என்று அலைய வேண்டும். இடையில் கொஞ்சம் மீன், கொஞ்சம் கோயில். தண்டையார்பேட்டை, புதுவண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் இதில் எது சட்டென முடிகிறது, எது நாளைத் தின்கிறது என்பதற்குத்தான் இந்தக் குறிப்பு. இப்போதே ஒன்று சொல்லிவிடலாம்: வாரம் கெடுவது பெரும்பாலும் முதல் நாளில், போன் நம்பரில்.

வந்து சேர்வதில் சிரமம் இல்லை. ஏர்போர்ட்டில் ஏறினால் அதே மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை போகிறது, மாற வேண்டியதில்லை. வண்ணாரப்பேட்டைக்கு அப்பால் பாதை நீண்டது 2021 பிப்ரவரியில். தண்டையார்பேட்டை வரை சுரங்கம். அதற்குப் பிறகு தரைக்கு மேலே வந்துவிடும். டாக்ஸியில் வந்தால் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரி வரிசையில் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். மழை நாளில் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையை நம்பவே வேண்டாம். தண்ணீர் நின்றால் அடைத்துவிடுவார்கள், சுற்றித்தான் போக வேண்டும்.

இனி சிம். வெளிநாட்டில் டிராயரில் கிடந்த பழைய இந்திய சிம் 90 நாள் எந்த உபயோகமும் இல்லாமல், பாலன்ஸும் இல்லாமல் இருந்தால் செத்துவிடும். நம்பர் பின்னால் வேறொருவருக்குப் போகக்கூடும். சிம் தொலைந்து போய் அதே நம்பருக்கு மாற்று சிம் வாங்கினால், ஆக்டிவேட் ஆன பிறகு 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது, போகாது. சிம் மாற்று மோசடியைத் தடுக்க வைத்த விதி அது. கடைக்காரரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. எஸ்எம்எஸ் இல்லையென்றால் ஓடிபி இல்லை. யூபிஐ பதிவும் நடக்காது, ஏனென்றால் அந்த ஆப் உங்கள் போனிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் அனுப்பித்தான் நம்பரை உறுதி செய்கிறது. இரண்டு சிம் போட்ட போனில் வெளிநாட்டு சிம் முன்னிருப்பாக இருந்தால் அந்த எஸ்எம்எஸ் தப்பான சிம்மிலிருந்து போய் 'சரிபார்ப்பு தோல்வி' என்று வரும். பதிவு முடியும்வரை வெளிநாட்டு சிம்மை அணைத்து வையுங்கள். இந்திய சிம்மில் எஸ்எம்எஸ் அனுப்பும் அளவுக்குக் காசும் வேண்டும். டேட்டா மட்டும் தரும் பேக் போதாது.

அடுத்த முட்டுக்கட்டை யூபிஐ பின். அதை வைக்க டெபிட் கார்டின் கடைசி ஆறு இலக்கமும் காலாவதி மாதமும் கேட்கும். நீங்கள் அங்கே இருந்த காலத்தில் கார்டு காலாவதியாகியிருக்கும். ஆதாரோடு இதே நம்பர் இணைந்திருந்தால் ஆதார் ஓடிபி வழியில் போகலாம். புது போனில் முதல் 24 மணி நேரம் பல பேங்குகள் 5,000 ரூபாய்க்கு மேல் விடுவதில்லை. இரண்டு 24 மணி நேரத்தையும் கூட்டிப் பாருங்கள்: வெள்ளிக்கிழமை இரவு இறங்கியவருக்குத் தடையில்லாத யூபிஐ திங்கட்கிழமைதான். அதுவரை கையில் நூறு, இருநூறு ரூபாய் நோட்டுகளாக வைத்திருங்கள். ஏடிஎம் 500 ரூபாய் நோட்டாகத் தள்ளும். டீக்கடை அண்ணன் சில்லறைக்கு எங்கே போவார்? வெளிநாட்டு கார்டு போட்டால் 'உங்கள் நாட்டுப் பணத்தில் கழிக்கவா' என்று சில ஏடிஎம்கள் கேட்கும். வேண்டாம் என்று அழுத்தி, ரூபாயிலேயே எடுங்கள். இரண்டு வருடம் தொடாத சேமிப்புக் கணக்கு முடங்கியிருக்கும். கேஒய்சி, அதாவது அடையாள, முகவரி ஆவணங்கள் கொடுத்துத் திறக்கலாம், அதற்குக் கட்டணம் கிடையாது.

வீட்டுக்குள் முதலில் படுத்துவது மோட்டார். கடற்கரைப் பக்க உப்புக் காற்றில் ஒரு வருடம் ஓடாத சம்ப் (தரையடித் தொட்டி) மோட்டாரின் தண்டு துருப்பிடித்து இறுகிவிடும். சுவிட்சைப் போட்டதும் 'ம்ம்ம்' என்று முனகி, சுற்றாமல் நிற்கும். அப்படியே விட்டால் சில நிமிடங்களில் காயில் கருகிவிடும், உடனே அணையுங்கள். மெயினையும் அணைத்துவிட்டு, பின்பக்க மூடியின் திருகுகளைக் கழற்றி, விசிறியைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுகியிருந்தால் கொஞ்சம் எண்ணெய் விட்டு முன்னும் பின்னும் அசைத்தால் பெரும்பாலும் விடும். கையால் லேசாகச் சுற்றுகிறது, கரண்டில் மட்டும் முனகுகிறது என்றால் கெபாசிட்டர் போயிருக்கிறது. மோட்டார்ப் பலகையில் எழுதியிருக்கும் அதே அளவில் வாங்க வேண்டும். ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை என்றால் உறிஞ்சு குழாயின் அடிமுனையில் இருக்கும் ஃபுட் வால்வில் மண் அடைத்திருக்கும். குழாயில் தண்ணீர் ஊற்றி ஏர் எடுத்துப் பாருங்கள். பிளம்பர் அண்ணனைக் கூப்பிடும்போதே இந்த மூன்றில் எது என்று சொல்லிவிட்டால் அவர் பொருளோடு வருவார், இரண்டாவது நடை மிச்சம். திரும்பும் முன் பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுத்து, மாதம் ஒரு தடவை இரண்டு நிமிடம் ஓட்டச் சொல்லுங்கள்.

குடிக்க 20 லிட்டர் கேன்தான் வழக்கம். கேனின் சீலையும் தேதியையும் பாருங்கள்.

கேஸ் சிலிண்டரும் போன் நம்பரில்தான் தொங்குகிறது. டெலிவரிக்கு வரும்போது பதிவு செய்த நம்பருக்கு வந்திருக்கும் ரகசிய எண்ணைச் சொல்ல வேண்டும். அந்த நம்பர் அப்பாவுடைய செத்துப்போன சிம்மாக இருந்தால் முதலில் ஏஜென்சிக்கு ஒரு நடை. சிலிண்டர் கைக்கு வந்ததும் சீலை உடைத்து, வால்வில் சொட்டு தண்ணீர் விட்டுக் காட்டச் சொல்லுங்கள். குமிழி வந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் சரியில்லை, அங்கேயே திருப்பிவிடலாம். கழுத்து வளையத்தின் உட்புறம் 'பி 27' போல ஓர் எழுத்தும் எண்ணும் இருக்கும். அது அடுத்த பரிசோதனைக்கான கெடு: ஏ ஜனவரி–மார்ச், பி ஏப்ரல்–ஜூன், சி ஜூலை–செப்டம்பர், டி அக்டோபர்–டிசம்பர். உள்ளே 14.2 கிலோ இருக்க வேண்டும். காலி எடை மேலேயே பொறித்திருக்கும், இரண்டையும் கூட்டி எடை போட்டுச் சரிபார்க்கலாம், கேட்பதில் கூச்சம் தேவையில்லை. ஆரஞ்சு நிற டியூபுக்கு ஆயுள் ஐந்து வருடம். கசிவு வாசம் வந்தால் 1906-க்குப் போன் போடுங்கள்.

கரண்ட் பில்லும் வரியும் ஆன்லைனில் முடிந்துவிடும். வரியை அரையாண்டின் முதல் 30 நாளில், அதாவது ஏப்ரலிலோ அக்டோபரிலோ கட்டினால் 5 சதவீதம் கழிவு, உச்சம் 5,000 ரூபாய்.

அலமாரித் துணிக்கு அடியில் 2,000 ரூபாய் நோட்டு கிடைத்தால் தூக்கிப் போட வேண்டாம். 2023 அக்டோபருக்குப் பிறகு சாதாரண பேங்கில் வாங்க மாட்டார்கள். ராஜாஜி சாலை ரிசர்வ் வங்கியில் அடையாள அட்டையோடு ஒரு தடவைக்கு 20,000 ரூபாய் வரை மாற்றலாம். அந்த நடையோடு சாயங்காலச் சாப்பாட்டையும் சேர்த்துக்கொள்ளலாம். அதே சாலையில் வடக்கே, பீச் ஸ்டேஷனுக்கு எதிரே பர்மா பஜார். சாயங்காலம் அத்தோ வண்டிகள் வந்துவிடும். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு இது. ஆரஞ்சு நிறத் தடித்த நூடுல்ஸ், முட்டைகோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், பொரித்த பூண்டு எண்ணெய், மிளகாய்த் தூள், நொறுக்கிய பேஜோ (மொறுமொறு தட்டை) எல்லாம் கையால் பிசைந்து வரும். கூட வரும் வாழைத்தண்டு சூப்பை முதல் வாய்க்கே குடித்துவிடாதீர்கள். காரம் ஏறிய பிறகுதான் அது ருசி.

காசிமேட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், கால் வைக்க இடம் இருக்காது. வார நாளில் விடியும் முன் போங்கள். ஏலத்தில் கூடைக் கணக்கு. வீட்டுக்கு வாங்குபவர்களுக்குப் பக்கத்தில் கூறு போட்டு விற்கும் அக்காக்கள்தான் சரி. செவுளைத் தூக்கிப் பாருங்கள், சிவப்பாக இருக்க வேண்டும். கண் குழி விழாமல் மேடாக இருக்க வேண்டும். விரலால் அழுத்திய இடம் எழும்ப வேண்டும். வெட்டுக்கூலி தனி, வறுவலுக்கு மெல்லிசா, குழம்புக்குத் தடியா என்று முன்னாடியே சொல்லிவிடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை. அப்போது வந்து வஞ்சிரம் விலையைக் கேட்டு மயங்கி விழுவதைவிட, ஃபைபர் படகில் வரும் சின்ன மீனாக நெத்திலி, சங்கரா வாங்குவது மேல்.

வாரத்தில் பௌர்ணமி வந்தால் ஒரு நாளை ஒதுக்கலாம். காலையில் மீஞ்சூர் பக்கம் மேலூர் திருவுடையம்மன், உச்சி வேளையில் திருவொற்றியூர் வடிவுடையம்மன், மாலையில் வடதிருமுல்லைவாயில் கொடியிடையம்மன். மூன்றும் ஒரே நாளில் என்பது பழைய வழக்கம். முதல் இரண்டும் கும்மிடிப்பூண்டி லைனில் மின்சார ரயிலில் முடிந்துவிடும். மூன்றாவதற்கு அம்பத்தூர் பக்கம் போக வேண்டும், மதியமே கிளம்பிவிடுங்கள். கார்த்திகை பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் திருவொற்றியூரில் ஆதிபுரீஸ்வரரைக் கவசம் இல்லாமல் பார்க்கலாம். அந்த நாட்களில் தேரடிப் பக்கம் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்த நினைக்காதீர்கள்.