நாகலாபுரம் மலைக்குக் கூட்டிப்போகிறோம் என்று பணம் கேட்டால், முதலில் அனுமதிச் சீட்டைக் கேளுங்கள்

சென்ற டிசம்பரில் நானும் என் அக்கா மகனும் நாகலாபுரம் மலைக்குப் போய் உயிரோடு திரும்பி வந்தோம். உயிரோடு என்பதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, எண்ணூர் பக்கத்துப் பிள்ளைகள் பலர் இன்னமும் எங்களைக் கூட்டிப்போன அதே மலையேற்றக் குழுவோடு சனிக்கிழமை இரவு வேன் ஏறுகிறார்கள். அவர்களை அனுப்பிவைக்கும் வீட்டார் கண்ணில் இது பட வேண்டும்.

என் அக்கா மகனுக்குப் பதினெட்டு வயது. பிறந்ததிலிருந்து ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் மணலிப் புகைபோக்கிகள். மலை என்றால் திருப்பதிக்குப் பஸ்ஸில் ஏறியது மட்டும்தான். "சித்தி, ஒரு தடவையாவது நடந்தே ஒரு மலை உச்சிக்குப் போகணும்" என்று இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். நாகலாபுரம் நமக்குத் தூரமும் இல்லை. செங்குன்றம், பெரியபாளையம், ஊத்துக்கோட்டை தாண்டினால் ஆந்திரா வந்துவிடும். கிருஷ்ணதேவராயர் தன் தாய் நாகலாம்பாளின் பெயரை வைத்த ஊர் அது. அங்கே இருக்கும் வேதநாராயணர் கோயிலுக்கு என் பாட்டி போய்வருவார். தெரிந்த ஊர்தானே என்ற தைரியம் எனக்கு.

இன்ஸ்டாகிராமில் அவன்தான் அந்தக் குழுவைக் கண்டுபிடித்தான். ஒரு பகல் நடை, தலைக்கு 2,600 ரூபாய். மலை உச்சி, மூன்று மடுக்கள், வனத்துறை அனுமதி, பயிற்சி பெற்ற இரண்டு வழிகாட்டிகள், எல்லாருக்கும் லைஃப் ஜாக்கெட், காப்பீடு, மதியச் சாப்பாடு என்று போட்டிருந்தார்கள். போன் செய்து கேட்டேன். "அக்கா, பயப்படாதீங்க, ஃபாரஸ்ட் பர்மிஷன்லாம் வாங்கியாச்சு" என்றார் நடத்துபவர். காட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் 5,200 ரூபாய் ஜிபேயில் அனுப்பினேன். பணம் போனது நிறுவனக் கணக்குக்கு அல்ல, ஒரு தனி ஆளின் எண்ணுக்கு. அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

இரவு பன்னிரண்டுக்கு வரவேண்டிய வேன் இரண்டரைக்கு வந்தது. இருபது பேர் என்று சொன்ன இடத்தில் முப்பத்தேழு பேர். பணம் வாங்கியவர் வரவில்லை. வழிகாட்டியாக வந்தது ஒரே ஒரு பையன், இருபது, இருபத்தொன்று வயது இருக்கும். லைஃப் ஜாக்கெட்டை எண்ணிப் பார்த்தேன், நான்கு இருந்தது.

மலையடிவார ஊருக்கு முன்பாகவே வேனை நிறுத்தி, விடியும் முன் மாந்தோப்புகளுக்கு நடுவே செல்போன் வெளிச்சத்தில் நடக்க வைத்தார்கள். "இது ஷார்ட் கட்" என்றான் பையன். வனத்துறையின் கண்ணில் படாமல் போகத்தான் அந்த வழி என்று சாயங்காலம்தான் புரிந்தது.

மலை அழகுதான், அதை மறைக்க மாட்டேன். உருண்டு வழவழத்த பாறைகள், நடுவில் கண்ணாடி மாதிரித் தண்ணீர், இரண்டு பக்கமும் சுவர் எழுப்பியது போலக் கல். அந்தப் பக்கத்துக்காரர்கள் இப்படிப்பட்ட மலையிடுக்கைக் கோனா என்பார்கள். என் அக்கா மகன் முதல் மடுவைப் பார்த்து வாய் பேசாமல் நின்றான். அந்த முகத்துக்காகத்தான் நான் வந்தேன்.

பகல் ஒன்றரை மணிக்கு இரண்டாவது மடுவுக்கு மேலே, ஓடையின் நடுவில் இருந்த பெரிய பாறையில் உட்கார்ந்து எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். எங்கள் தலைக்கு மேல் வெயில். தூரத்தில், நாங்கள் போகவேண்டிய உச்சிப் பக்கம் மேகம் கறுத்திருந்தது. நான் பையனிடம் கேட்டேன், "தம்பி, மேல மழையா இருக்கே, திரும்பிடலாமா?" அவன் போனை எடுத்துப் பார்த்தான். சிக்னல் இல்லை. "அண்ணன்கிட்ட கேக்கணும்கா" என்றான். கேட்கவேண்டிய அண்ணன் சென்னையில் இருந்தார்.

கொஞ்ச நேரத்தில் தண்ணீரின் நிறம் மாறியது. தெளிந்த தண்ணீர் டீ நிறத்துக்கு வந்தது, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தன. எங்களில் ஒருவருக்கும் அதன் அர்த்தம் தெரியவில்லை. இரண்டு பேர் அதைப் படம்கூட எடுத்தார்கள். மேலே மரங்களுக்கு இடையிலிருந்து ஒரு பெரியவர், ஆடு மேய்ப்பவர், கத்தினார். "நீள்ளு வஸ்துன்னாயி! பைக்கி ரண்டி!" கொருக்குப்பேட்டையில் பாட்டி வீட்டில் வளர்ந்ததால் தெலுங்கு எனக்குக் காதில் விழுந்த மொழி. தண்ணி வருது, மேல வாங்க என்று நானும் கத்தினேன். பையையும் சாப்பாட்டையும் விட்டுவிட்டு வேரைப் பிடித்துக் கரை ஏறினோம். நாங்கள் உட்கார்ந்திருந்த பாறை பத்து நிமிடத்தில் தண்ணீருக்குள் போய்விட்டது.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஓட்டேரி நாலாவையும் பக்கிங்காம் கால்வாயையும் பார்த்து வளர்ந்த நமக்கு இது தெரிவதில்லை. மலையிடுக்கில் வெள்ளம் வர, நாம் நிற்கும் இடத்தில் ஒரு துளி மழை பெய்ய வேண்டியதில்லை. மேலே பெய்த மழை முழுவதும் சரிந்து அந்த ஒரே இடுக்குக்குள் இறங்குகிறது. பாறை தண்ணீரை உறிஞ்சாது. அகலம் குறைவு என்பதால் மட்டம் சட்டென்று ஏறும். இருபுறமும் செங்குத்துக் கல் என்றால் ஏறித் தப்பவும் இடம் இருக்காது. தண்ணீர் கலங்குவது, சருகு வருவது, மேலிருந்து இரைச்சல் கேட்பது, இவையெல்லாம் ஓடு என்று சொல்லும் அடையாளங்கள். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். அந்த மாதங்களில் முப்பத்தேழு பேரை, இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல், ஓடை நடுவே சாப்பிட உட்கார வைப்பது என்ன மாதிரி வேலை?

நாங்கள் 2,600 ரூபாய் கொடுத்தது பிரியாணிப் பொட்டலத்துக்கு இல்லை. எப்போது திரும்ப வேண்டும் என்று தெரிந்த ஒரு ஆள் கூட வருவார் என்றுதான் கொடுத்தோம். அந்த ஆளைத்தான் அவர்கள் அனுப்பவே இல்லை.

கரை ஏறும்போது ஒரு பெண்ணுக்குக் கணுக்கால் பிசகி வீங்கிவிட்டது. முதலுதவிப் பெட்டி இல்லை. துப்பட்டாவைக் கிழித்துக் கட்டினோம். அந்தப் பெரியவர்தான் ஓடையைத் தொடாமல் வேறு சரிவில் எங்களை இறக்கினார். டிசம்பரில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் இறங்கிவிடும், மலைக்குள் அதற்கும் முன்னால் இருட்டு. மூன்று பையன்கள் மாற்றி மாற்றி அந்தப் பெண்ணைத் தூக்கி வந்தார்கள். மாந்தோப்புக்கு வந்து சேர இரவு ஒன்பது மணி. பெரியவர் பணம் வாங்க மறுத்துவிட்டார்.

அங்கே வனத்துறை ஊழியர்கள் நின்றார்கள். அனுமதிச் சீட்டு கேட்டார்கள். பையன் போனில் ஒன்றைக் காட்டினான். அது தடா அருவிக்கு, அதாவது உப்பலமடுகுக்கு, வேறு ஒரு தேதியில் வாங்கிய நுழைவுச் சீட்டு. காப்புக் காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது 1967ஆம் ஆண்டு ஆந்திர வனச் சட்டப்படி குற்றம் என்று எங்களுக்கு விளக்கினார்கள். ஆளுக்கு 500 ரூபாய் அபராதம், அதையும் நாங்களே கட்டினோம். நடத்துபவர் போனை எடுக்கவில்லை. அந்தப் பையன் அழுதான். வழிகாட்டியாக வருவது அவனுக்கு இரண்டாவது தடவையாம், ஒரு நாளைக்கு 500 ரூபாயும் சாப்பாடும் சம்பளமாம். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை.

மறுநாள் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "இயற்கைச் சீற்றத்துக்கு நாங்க பொறுப்பில்ல அக்கா" என்று பதில் வந்தது. காப்பீட்டு எண் கேட்டேன், பதில் இல்லை. அப்புறம் அடுத்த பயணத்துக்கு ஆயிரம் ரூபாய் தள்ளுபடி தருகிறேன் என்றார்கள். இன்ஸ்டாகிராமில் நான் எழுதியதை அழித்துவிட்டு என்னைத் தடுத்துவிட்டார்கள்.

2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தது நமக்கு மறந்திருக்காது. சென்னையிலிருந்து போனவர்களும் அதில் இருந்தார்கள். அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்று தனி விதிகளே வந்தன. எல்லை தாண்டி ஆந்திரக் காட்டுக்குப் போனால் அங்கத்து வனத்துறையின் அனுமதி வேண்டும். அதனால் யார் கூட்டிப்போனாலும், பணம் கொடுக்கும் முன்பே தேதியும் இடமும் போட்ட அனுமதியைப் படமாக அனுப்பச் சொல்லுங்கள். வழிகாட்டியின் அடையாள அட்டையையும் கேளுங்கள். தயங்கினால் விட்டுவிடுங்கள். 2024 அக்டோபரிலிருந்து தமிழ்நாடு வனத்துறையே ட்ரெக் தமிழ்நாடு என்று 14 மாவட்டங்களில் 40 பாதைகளுக்கு இணையத்தில் முன்பதிவு செய்கிறது. நம் பக்கத்தில் திருவள்ளூர் மாவட்டத்துக் குடியம் குகைப் பாதையும் அதில் உண்டு. காட்டுத்தீக் காலத்தில் மூடிவிடுவார்கள், பார்த்துப் பதிவு செய்யுங்கள். என் அக்கா மகன் இப்போது அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது, சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். தனி ஆளின் எண்ணுக்குப் பணம் அனுப்பிவிட்டு ஆளே காணாமல் போனால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.

அன்று எங்களோடு அந்த வேனில் வந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், ஜிபே ரசீதையும் குழுவில் வந்த செய்திகளையும் அழிக்காதீர்கள். அபராத ரசீது தெலுங்கில் இருக்கிறது. அனுமதியின்றி நுழைந்ததாக அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. நம்மிடம் இருப்பதிலேயே பெரிய ஆதாரம் அதுதான். என்னுடையதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். உங்களுடையதையும் சேர்த்துக் கொடுத்தால் ஒரே மனுவாகப் போட்டுவிடலாம்.