தன் கதையைத் தானே சொல்வதா, நடிகரிடம் கொடுப்பதா?

மனநோயோடு வாழ்ந்த அனுபவத்தை மேடையேற்ற இரண்டு வழிகள் உண்டு. அனுபவித்தவரே மைக் முன் நின்று சொல்லலாம். அல்லது நடிகர்கள் அதை நடித்துக் காட்டலாம்.

இரண்டாவதற்கு நல்ல உதாரணம் பிளேபேக் தியேட்டர். ஜோனதன் ஃபாக்ஸும் ஜோ சாலஸும் 1975இல் அமெரிக்காவில் தொடங்கியது. பார்வையாளர் ஒருவர் மேடையோரம் உட்கார்ந்து, நிகழ்ச்சியை நடத்துபவர் கேட்கக் கேட்கத் தன் கதையைச் சொல்வார். தன் பாத்திரத்தில் யார் நடிக்க வேண்டும் என்பதையும் அவரே தேர்ந்தெடுப்பார். ஒத்திகை கிடையாது, உடனே நடிப்பு. மனநோயில் சிலருக்குக் காதில் ஒலிக்கும் குரல்களை வார்த்தையில் விளக்குவது கஷ்டம். மூன்று நடிகர்கள் ஒருவரைச் சுற்றி நின்று ஒரே நேரத்தில் கிசுகிசுத்தால், முன்வரிசையே நெளிய ஆரம்பித்துவிடும். ஆனால் நடிகர் கொஞ்சம் மிகைப்படுத்தினாலும் போச்சு. சினிமாப் 'பைத்தியம்' வந்து நிற்கும்.

நேரடியாகச் சொல்வதில் அந்தத் தொல்லை இல்லை. அமெரிக்க உளவியலாளர் பேட்ரிக் காரிகன் குழுவின் 2012 ஆய்வுத் தொகுப்பின்படி, பெரியவர்களின் தவறான எண்ணங்களை மாற்றுவதில் பாடம் நடத்துவதைவிட, மனநோய் உள்ளவரை நேரில் சந்திப்பதே அதிகம் உதவுகிறது. சரி, விலை? பெயரும் முகமும் வெளியே வந்துவிடும். வேலை தரும் முதலாளியும் வீடியோவைப் பார்க்கலாம். பழைய காயம் ஒத்திகையிலேயே கிளறப்படலாம்.

என் ஓட்டு நேரடிப் பேச்சுக்குத்தான், சில நிபந்தனைகளோடு: கடைசி நிமிடத்திலும் விலகும் உரிமை, அனுமதியில்லாமல் வீடியோ எடுக்கத் தடை, தற்கொலை முயற்சி பற்றிப் பேசினாலும் முறையை விவரிக்காமை. நோய் இன்னும் கொதிநிலையில் இருந்தால், நடிகர்களிடம் கொடுப்பதே நல்லது.